ஷட்டரை இறக்காதீங்க பாய்

ஒரு நல்ல மனிதரின் பிழைப்பைக் கெடுக்கும் கடிதத்தை நான் எழுதியிருக்கிறேன். எழுத்துப் பிழை இல்லாமல், பத்தி பிரித்து, அழகான கையெழுத்தில் எழுதினேன். (ஷூ கம்பெனியில் முப்பது வருஷம் குவாலிட்டி பார்த்தவன். அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.)

என் ஸ்கூட்டருக்கு பிரேக் மாற்ற ஆம்பூரில் கலீல் பாயின் மெக்கானிக் கடைக்குப் போயிருந்தேன். வெள்ளிக்கிழமை. வேலையை முடித்த பாய், ஜும்மா தொழுகைக்குக் கிளம்பும் முன், திரும்பி வந்து இன்னொரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு வண்டியைத் தருவதாகச் சொல்லி ஷட்டரை இறக்கப் போனார். இறக்கினால் நான் வெயிலில் நிற்க வேண்டும்.

“ஷட்டரை இறக்காதீங்க பாய். நான் இங்கதான ஒக்காந்திருக்கேன்.”

“சாவியெல்லாம் வண்டியிலயே இருக்குது சார்.”

“நான் பாத்துக்கறேன், போய்ட்டு வாங்க.”

பத்து நிமிஷம் பார்த்துக்கொண்டேன். அப்போது இரண்டு கடை தள்ளி பிரியாணி தம் உடைத்தார்கள். அரை பிளேட்தான், எட்டிப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம் என்று போனேன். கடை தெரியும் பக்கம் ஃபேன் காற்று வரவில்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். அரை பிளேட் முழு பிளேட் ஆனது. திரும்பி வந்தால் ஆறு வண்டிகள் பத்திரமாக நிற்கின்றன, என்னுடையதை மட்டும் காணோம். அங்கே வேலை முடிந்து நின்ற ஒரே வண்டி அதுதான். திருடனும் குவாலிட்டி பார்த்துத்தான் எடுத்திருக்கிறான்.

இன்ஷூரன்ஸ் படிவத்தில், திருட்டு நடந்தபோது வண்டி யார் பொறுப்பில் இருந்தது என்று ஒரு கேள்வி. “மெக்கானிக்கின் பொறுப்பில். அவர் சாவியை வண்டியிலேயே வைத்து, கடையைத் திறந்துபோட்டுவிட்டு வெளியே சென்றுவிட்டார்” என்று எழுதினேன். போலீஸ் புகாரிலும் அதையே எழுதினேன். ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. நான் மட்டும்தான் அதில் இல்லை.

போலீஸ் பாயை மூன்று முறை ஸ்டேஷனுக்கு அழைத்தது. பஜாரில் பேச்சு பரவியது. ஒரே மாதத்தில் அவர் கடையில் நின்றது ஒரு வண்டிதான், அவருடைய சொந்த மொபெட். ஒரு நாள் அதை என் வீட்டுக்கு ஓட்டி வந்தார்.

“தப்பு என்னுதுதான் சார். நான் ஷட்டரை இறக்கியிருக்கணும். க்ளெய்ம் வர்ற வரைக்கும் இத ஓட்டுங்க. கடையில இப்ப வேலை கம்மிதான்.”

சாவியைக் கொடுத்துவிட்டு நடந்தே போனார்.

“அந்த மனுஷன் இன்னா தப்பு பண்ணாரு?” என்று என் மனைவி வசந்தா கேட்டாள். சொன்னேன். அன்று மதியம் இலை போடவில்லை. “அதே கடைல போய் சாப்புடுங்க” என்றாள்.

மறுநாள் பாயின் மொபெட்டிலேயே, லாரிகளுக்கு நடுவே, வேலூர் இன்ஷூரன்ஸ் ஆபீசுக்குப் போனேன். ஓர் இளம் அதிகாரி நான் சொன்னதை எழுதிக்கொண்டார்.

“அப்ப கடைய யாரு பாத்துக்கிட்டாங்க?”

“நான்.”

“நீங்க எங்க இருந்தீங்க?”

“பிரியாணிக் கடையில.”

“அங்கேர்ந்து வண்டி தெரியுமா?”

“திரும்பி ஒக்காந்தா தெரியும்.”

“ஏன் திரும்பல?”

“ஃபேன் காத்து வரல.”

பேனா நின்றது. “சார், ஃபேனையும் எழுதணுமா?”

“எழுதுங்க.”

போலீசிலும் இப்படியே திருத்திக் கொடுத்தேன். நஷ்டஈடு கிடையாது என்று கடிதம் வந்தது. காவல் இருப்பதாக ஒப்புக்கொண்ட உரிமையாளரே, மின்விசிறி வசதி கருதி வண்டிக்கு முதுகு காட்டி உணவருந்தியது காரணமாம். அதை லேமினேட் செய்து, மொபெட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பாயின் கடைச் சுவரில் மாட்டினேன். “இன்னாத்துக்கு சார் இந்த பேஜாரு?” என்று அவர் தடுத்தும் கேட்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் படித்தார்கள். படித்துச் சிரித்தவர்கள், கொஞ்சம் கொஞ்சமாக வண்டியும் விட்டார்கள்.

போன வாரம் சைக்கிள் பஞ்சருக்காக அங்கே காத்திருந்தேன். பக்கத்தில் ஒரு புது ஆள், கடிதத்தை முழுக்க வாசித்துவிட்டு, “யாரு பாய் இந்தப் பெரிய மனுஷன்?” என்று கேட்டார்.

பாய் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். தலையை வெளியே நீட்டவில்லை.

“நம்ம தோஸ்துதான். உங்க பக்கத்துல ஒக்காந்திருக்காரே, அவருதான். டீ சாப்பிடப் போறதா இருந்தா வண்டிய பூட்டிட்டுப் போங்க.”