இடைவெளியில் மட்டுமே டோக்கன் அழைக்கப்படும்

நோயை ஒழிக்கக் கிளம்பி மூக்குடைபட்ட ஆஸ்பத்திரிகள் உலகத்தில் எத்தனையோ உண்டு. நோயைத் தொடாமலே புகாரை ஒழித்துக் காட்டிய ஆஸ்பத்திரி ஒன்றே ஒன்றுதான். அந்தச் சாதனையின் நாயகர் டாக்டர் அல்ல, நர்ஸ் அல்ல, மருந்துக் கடைக்காரர்கூட அல்ல. அவர் ஒரு பியானோக்காரர்.

பியானோக்காரர் அதற்கு முன்பு மேடைகளில் தியான இசை வாசித்துக்கொண்டிருந்தார். எல்லாம் அவரே இயற்றிய மெட்டுகள். ஒரு கட்டையைத் தட்டுவார். அந்த ஒலி முழுசாக அடங்கும்வரை கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பார். பிறகுதான் அடுத்தது. முதல் மெட்டு முடிவதற்குள் முன்வரிசை குறட்டை விடும். ஒரு முறை எல்லோரும் போய்விட்டார்கள் என்று நினைத்து வாட்ச்மேன் அரங்கத்தைப் பூட்டிக்கொண்டு போயே போய்விட்டார். மேடையில் இது மானக்கேடு. ஆஸ்பத்திரியில் இதற்கே 'சிகிச்சை' என்று பெயர் என்பதைக் கண்டுபிடித்த மேதை, நிர்வாக அதிகாரி.

அந்த ஆஸ்பத்திரியில் மாதத்துக்கு மூன்று புகார்ப் புத்தகங்கள் தீர்ந்துகொண்டிருந்தன. எல்லாப் பக்கத்திலும் ஒரே புகார்: "காலையில் வந்தேன், இன்னும் கூப்பிடவில்லை." இதை ஆராய 'காத்திருப்போர் நலக் கமிட்டி' ஏழு முறை கூடியது. இருக்கிற மூன்று டாக்டர்களோடு இன்னும் இரண்டு பேரைப் போடலாமே என்று ஓர் உறுப்பினர் உளறினார். மற்றவர்கள் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"டாக்டரைப் போட்டா நோயாளி இன்னும் வருவாங்க," என்றார் நிர்வாக அதிகாரி. "பிரச்சினை நோய் இல்லைங்க. காத்திருக்கிறது கஷ்டமா இருக்கு பாருங்க, அதுதான் பிரச்சினை. ஸ்டோர் ரூம்ல ஒரு பியானோ சும்மா கிடக்குது."

பியானோ காத்திருப்புக் கூடத்துக்கு வந்தது, அதை வாசிக்கப் பியானோக்காரரும் வந்தார். பியானோவுக்கு ஒரு கால் குட்டை. கையில் அகப்பட்ட புகார்ப் புத்தகத்தை அந்தக் காலுக்கு அடியில் கொடுத்து நிமிர்த்தினார்கள். அன்றிலிருந்தே புகார்கள் மளமளவென்று குறையத் தொடங்கின. இசையின் வலிமையை இதற்கு மேல் எப்படி நிரூபிப்பது!

ஒரே ஒரு இடைஞ்சல் மிச்சமிருந்தது. அது டோக்கன் குமாஸ்தாவின் தொண்டை. அவர் "முப்பத்தேழேய்!" என்று கூப்பிட்டால் முப்பத்தாறும் முப்பத்தெட்டும் சேர்ந்து எழுந்து நிற்கும். பியானோக்காரர் கண்கலங்க நிர்வாக அதிகாரியிடம் போய் நின்றார்.

"மெட்டு நடுவுல நம்பர் விழுந்தா அந்த அமைதியே செத்துப்போயிடுது சார்."

மறுநாளே சுவரில் அறிவிப்பு ஏறியது: 'டோக்கன் எண்கள் ஒரு மெட்டுக்கும் அடுத்த மெட்டுக்கும் உள்ள இடைவெளியில் மட்டுமே அழைக்கப்படும்.'

அப்போது மெட்டுகள் பத்து நிமிஷம்தான். ஆனால் யாரும் எழுந்து போகாத ஒரு கூட்டம் ஒரு கலைஞனுக்குக் கிடைத்துவிட்டால் பத்து நிமிஷத்தோடு விடுவானா? 'மூச்சு' நாற்பது நிமிஷம் ஓடியது. 'ஏரிக்கரை' இரண்டு மணி நேரம். ஒரு நாளைக்கு நாலு இடைவெளி வந்தாலே அதிகம். நாலு டோக்கன், நாலு நோயாளி. டாக்டர்களின் அறையில் ஈ காக்கை இல்லை. நோய் குறைந்துவிட்டதாகக் கமிட்டி புள்ளிவிவரத்தோடு அறிவித்து, இரண்டு டாக்டர்களை வேறு ஊருக்கு மாற்றியது. மிச்சமிருந்த ஒருவர் குறுக்கெழுத்துப் போட்டியில் நல்ல தேர்ச்சி பெற்றார்.

கூடத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வாசிக்கிற பியானோக்காரருக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? அவருக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுக்குப் பின்னால் இருந்த அந்தப் பேரமைதிதான். இருநூறு பேர், ஒரு இருமல் கிடையாது. கமிட்டி அவருக்குப் பதக்கம் கொடுத்தபோது தலைகால் புரியவில்லை.

பியானோ வந்து பன்னிரண்டாம் மாதத் தொடக்கத்தில் தன் மாபெரும் படைப்பை அரங்கேற்றினார். பெயர் 'முடிவின்மை'. காலை ஒன்பது மணிக்குக் கூடம் திறக்கும்போது ஆரம்பித்து மாலை நாலு மணிக்கு மூடும்போது முடியும். நடுவில் இடைவெளியே கிடையாது. இந்த அதிசயத்தைப் படித்துக்கொண்டு போக மற்ற ஆஸ்பத்திரிகளிலிருந்து ஆறு அதிகாரிகள் நோட்டும் பேனாவுமாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

பதினொன்றரை மணிக்கு யாரோ அவர் தோளைப் பிடித்து உலுக்கினார்கள். திரும்பினால் அக்கா. அப்பா அம்மா போன பிறகு அவரைப் படிக்கவைத்து, திட்டிக்கொண்டே பியானோவும் வாங்கிக் கொடுத்த அக்கா. வலது பக்க அடிவயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டு பாதியாக மடங்கி நின்றார்.

"டேய், வயிறு கிழியுதுடா எனக்கு. டாக்டரைப் பார்க்கணும்."

"டோக்கன் வாங்கினியாக்கா?" பியானோக்காரர் வாசிப்பை நிறுத்தாமல் கிசுகிசுத்தார்.

"அறுபத்திரண்டு. இப்ப எந்த நம்பர் போகுதுன்னு கேட்டா, அந்த ஆளு வாயில விரலை வைக்கிறாரு."

"கொஞ்ச நேரம் உக்காந்து கேளுக்கா. வலி போகாது. ஆனா வலிக்குதேங்கிற கவலை போயிடும்."

"உன் தலை! வீட்டுல உன் வாசிப்பைக் கேட்டுக் கேட்டுத்தான் எனக்கு வயித்துவலியே வந்திருக்கும்."

திட்டிக்கொண்டே போய் உட்கார்ந்தார். பத்து நிமிஷம் முனகல் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. பியானோக்காரருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பிறந்ததிலிருந்து தன் இசையை ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லாத அக்கா, இன்று வாய் மூடிக் கேட்கிறாள்! அந்த முகத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று ஆசையாகத் திரும்பினார்.

அக்கா நாற்காலியில் சரிந்து கிடந்தார். முகம் வெளுத்து, வியர்வை கொட்டிக்கொண்டிருந்தது. உதடு மட்டும் லேசாக அசைந்தது. அது அமைதி இல்லை, மயக்கம் என்று அவருக்குப் புரிந்தது. அப்போதுதான் மற்ற முகங்களையும் பார்த்தார். ஒரு முகமாவது நன்றாக இல்லை.

கண்ணைக் காட்டிக் குமாஸ்தாவைக் கூப்பிட்டார்.

"எங்க அக்கா சார். உடனே உள்ளே அனுப்புங்க."

"நம்பர் அறுபத்திரண்டாச்சே. இன்னைக்கு ஒண்ணாம் நம்பரே இன்னும் கூப்பிடலை."

"ஏன்?"

"இடைவெளியே வரலையே சார்! நீங்கதானே வாசிக்கிறீங்க?"

"இந்தா, நிறுத்திட்டேன். கூப்பிடுங்க!"

"நிறுத்தினா ஒரு இடைவெளி. ஒரு இடைவெளிக்கு ஒரு நம்பர். அறுபத்திரண்டு வரணும்னா இன்னும் அறுபத்தொரு மெட்டு வாசிக்கணும் சார். சட்டம் நீங்க கேட்டு வாங்கினதுதான்."

பியானோக்காரர் பேயறைந்தவராக அவரைப் பார்த்தார். அடுத்த நொடி ஒரு கட்டையை ஓங்கித் தட்டிவிட்டுக் கையை எடுத்தார்.

"முடிஞ்சுது."

"இது ஒரு மெட்டா?"

"மெட்டுதான்!"

"பேரு சொல்லுங்க, ரிஜிஸ்டர்ல எழுதணும்."

"'ஐயோ'."

குமாஸ்தா எழுதிக்கொண்டார். பதினோரு மாதமாக நாளுக்கு நாலு முறைக்கு மேல் வேலை இல்லாதிருந்த தொண்டையை முழுசாகத் திறந்தார்.

"ஒண்ணேய்! ரெண்டேய்!"

அடுத்த மெட்டின் பெயர் 'சீக்கிரம்'. மூன்றாவது 'அக்கா'. நாலாவதிலிருந்து குமாஸ்தாவே 'மேற்படி' என்று போட்டுக்கொண்டார். டங்! "அஞ்சேய்!" டங்! "ஆறேய்!" முன்வரிசை அதிகாரிகள் இது இரண்டாம் பாகம் என்று எண்ணிக் கைதட்டினார்கள். பின்வரிசைகள் ஒவ்வொன்றாக விழித்தன. "ஐயோ, என் காலு!" என்றார் ஒருவர். "நான் எதுக்கு வந்தேன்? ஆங், நெஞ்சுவலி!" என்றார் இன்னொருவர். அறுபத்திரண்டு வரை போகத் தேவைப்படவில்லை. இருபதாவது மெட்டில் கூடம் முழுக்க எழுந்து, அக்காவையும் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு, டாக்டரின் கதவைத் தள்ளித் திறந்தது.

குறுக்கெழுத்தும் கையுமாக எழுந்து நின்ற டாக்டர், நம்பரைப் பார்க்கவில்லை, ஆளைப் பார்த்தார். அக்காவை நேராக ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோகச் சொன்னார். இன்னும் அரை மணி போயிருந்தால் குடல்வால் வெடித்திருக்கும் என்று பிறகு சொன்னார்.

மூன்றாம் நாள் எழுந்து உட்கார்ந்த அக்கா, "எல்லாரும் சொல்றாங்க, அன்னைக்கு ஒத்தக் கட்டையைத் தட்டித் தட்டி வாசிச்சியாமே. நீ வாசிச்சதுலேயே அதுதான்டா உருப்படி," என்று சொல்லிவிட்டுத் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

கமிட்டி எட்டாவது முறையாகக் கூடியது. நிர்வாக அதிகாரி குற்றச்சாட்டை எழுந்து நின்று வாசித்தார். நிம்மதியாக அமர்ந்திருந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு, பியானோக்காரர், முன்னறிவிப்பின்றி வலியை உண்டாக்கியிருக்கிறார். ஒரே நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு புகார்கள். ஒரு டாக்டருக்கு, பணி நேரத்தில், பணி.

"குற்றத்தை ஒப்புக்கிறீங்களா?"

"ஒப்புக்கறேன் சார். அன்னைக்குச் செஞ்சதுக்கு இல்ல. அதுக்கு முன்னாடி பதினோரு மாசம் செஞ்சதுக்கு."

நிர்வாக அதிகாரி குழம்பிப்போய்க் கோப்பைத் திறந்தார். "அந்தப் பதினோரு மாசமும் பிரமாதமா இருக்கே! தினம் இருநூறு பேர் வந்திருக்காங்க, இருநூறு பேரும் போயிருக்காங்க. ஒரு புகார் கிடையாது."

"அதுல டாக்டரைப் பார்த்தது தினம் நாலு பேர் சார். மிச்சப் பேரெல்லாம் எங்கே போனாங்க?"

நிர்வாக அதிகாரி ஒரு பக்கம் புரட்டினார். இன்னொரு பக்கம் புரட்டினார். பிறகு கோப்பை மூடி அதன் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"அமைதியாப் போனாங்க," என்றார்.