பென்சிலால கடலை அளந்த கதை

ஞாயித்துக்கெழம. வேலை ஒண்ணே ஒண்ணுதான். கடலைப் பாத்து ஒரு படம் வரையணும்.

டோல்கேட்டாண்ட ஒரு டிராயிங் கிளாஸுக்குப் போய்க்கினு இருக்கேன். வாத்தியாரு கறாரு. போட்டோவைப் பாத்து வரைஞ்சா சாயந்திரம் கண்காட்சில மாட்ட மாட்டேன்னுட்டாரு. நானோ ஆபீஸ் மொத்தத்தையும் வரச் சொல்லிட்டேன். படம் இல்லன்னா மானம் கப்பலேறிடும்!

காலையிலயே காத்திவாக்கம் போயி, வலை காயப் போடற மணல்ல உக்காந்தேன். பச்சை கலக்கினேன். நிமிந்து பாத்தா கடலு சாம்பல் கலருல கீது. சாம்பல் கலக்கினேன். வெயில் வந்து நீலமாயிடுச்சு. ஒரு நிமிஷம் சும்மா இருந்து தொலையேன்னு கடலைத் திட்டவே திட்டிட்டேன். அது காதுலயே போட்டுக்கல.

சரி, கலர் போனாப் போவுது, அளவாவது ஒழுங்கா வரட்டும்னு வாத்தியாரு சொல்லிக்குடுத்த வித்தையை எடுத்தேன். கையை நீட்டி, பென்சிலைத் தூக்கிப் புடிச்சு, ஒத்தைக் கண்ணை மூடிக்கினு, கரை எவ்ளோ, தண்ணி எவ்ளோன்னு பாத்துப் பாத்துக் கோடு போட்டேன்.

அங்கதான் சனி புடிச்சுது.

பக்கத்துல வலை தெச்சுக்கினு இருந்த அக்கா ஊசியைக் கீழ வெச்சாங்க. "இன்னாத்துக்கு நைனா அளக்கற?"

படத்துக்குன்னேன். நம்பல. போன தபா இப்படித்தான் ஒருத்தரு வந்து அளந்துட்டுப் போனாராம். அப்புறம் கல்லு நட்டு வேலி போட்டு, வலை காயப் போடற எடத்துல பாதி போச்சாம். மிச்ச பாதிக்கும் ஆள் வந்துட்டான்னு அவங்களுக்குப் பதறுது. நியாயம்தான். ஆனா அவங்க போட்ட சத்தத்துல பாதி ஊரு கூடிடுச்சு.

படத்தைப் புடுங்கிக்கினாங்க. தலைவரு வர்ற வரைக்கும் நகரக்கூடாதுன்னாங்க. நான் ஆர்ட்டிஸ்ட்டு அண்ணே, ஆர்ட்டிஸ்ட்டு அக்கான்னு கெஞ்சறேன். வாழ்க்கைல மொத தபா என்னை நானே அப்படி சொல்லிக்கறேன், அதுவும் கையைக் கூப்பிக்கினு!

ஊர்த் தலைவரு வந்தாரு. கண்ணாடி மாட்டினாரு. படத்தைப் பாத்தாரு, கடலைப் பாத்தாரு. படத்தைத் தலைகீழாத் திருப்பி இன்னொரு வாட்டி பாத்தாரு. இதுல எது கரை, எது தண்ணின்னு கேட்டாரு. தொட்டுக் காட்டினேன். அக்காவும் எட்டிப் பாத்தாங்க. அவங்க மூஞ்சில இருந்த கோவம் எறங்கி, என்மேல பாவம் பாக்க ஆரம்பிச்சுட்டாங்க.

தலைவரு படத்தை என் கையில குடுத்துட்டு, ஊரைப் பாத்து தீர்ப்பு சொன்னாரு.

"வுடுங்கப்பா. இத்த வெச்சிக்கினு எவனாலயும் நம்ம எடத்தைக் கண்டுபுடிக்க முடியாது."