பல் பிரஷுக்குக் கரண்ட்

கை சும்மா இருக்காதவன் வெளிநாட்டுக்காரருக்கு அறை வாடகைக்கு விடக்கூடாது. நான் விட்டேன்.

குண்டசாலையில் எங்கள் வீடு. நான் த்ரீவீலர் ஓட்டுகிறேன். மாடியில் ஒரு அறை கட்டினோம். மகள் தேவி அதை இன்டர்நெட்டில் போட்டாள். முதலில் வந்தவர் மேரி. அமெரிக்காக்காரர், வயதானவர்.

"அப்பா, இவங்க நல்லா எழுதிட்டுப் போனாத்தான் அடுத்த ஆள் வரும். இல்லாட்டி அந்த ரூம்ல வெங்காயந்தான் காயப் போடணும்" என்றாள் தேவி.

நான் தலையாட்டினேன். (வாய் எப்போதும் அடங்கித்தான் இருக்கும். கைதான் அடங்காது.)

மறுநாள் காலை மேரி ஒரு பல் பிரஷைக் காட்டி உதட்டைப் பிதுக்கினார். சார்ஜ் இல்லையாம்.

"பல்லு வெளக்கவும் கரண்டா?" என்று தேவியிடம் கேட்டேன்.

"அது தானா சுத்தும்ப்பா."

தானாகச் சுற்றுமா? அதைப் பார்க்காமல் எனக்குச் சோறு இறங்காது.

மேரியும் தேவியும் பேராதனைப் பூந்தோட்டத்துக்குப் போனார்கள். நான் மாடிக்குப் போனேன்.

பிரஷை நிறுத்தும் கிண்ணத்தின் வயரில் தட்டையாக இரண்டு கால். வீட்டில் கிடந்த அடாப்டரில் அதைச் செருகினேன். அடாப்டருக்கும் இரண்டே கால். எங்கள் பிளக் பொயிண்டில் மூன்று ஓட்டை. மேல் ஓட்டையில் விளக்குமாற்று ஈர்க்கைக் குத்தினால் கீழ் இரண்டும் திறக்கும். எங்கள் பக்கம் முக்கால்வாசி வீட்டில் இதுதான் வழக்கம். குத்தினேன். செருகினேன். சுவிட்சைப் போட்டேன்.

டப்.

சுவரில் பெரிய கறுப்பு. ஒரே புகை. கீழிருந்து மனைவி செல்வி கத்தினாள்.

"ஏங்க, என்னங்க கருகுது?"

"பல்லு."

"பல்லா? யாரு பல்லு?"

அவள் மேலே வந்தாள். சுவரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "நான் போய் வெங்காயம் எடுத்துட்டு வாறேன்" என்று இறங்கிவிட்டாள்.

மேரி வந்ததும் கருகின கிண்ணத்தை இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் சொன்னதைத் தேவி தமிழில் சொன்னாள். "அவங்க ஊரு கரண்ட் நம்ம கரண்ட்ல பாதிதானாம்ப்பா."

கரண்டில் ஊருக்கு ஊர் வித்தியாசம் உண்டென்று அன்றுதான் தெரிந்தது. தண்ணீர் மாதிரி எங்கும் ஒன்று என்று நினைத்திருந்தேன்.

மேரி கோபிக்கவில்லை. எப்படிச் செருகினேன் என்று கேட்டார். ஈர்க்கைக் காட்டினேன். நெஞ்சில் கை வைத்துக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு என்னையும் சுவரையும் சேர்த்துப் படம் எடுத்தார்.

அவர் போன பிறகு, என்ன எழுதினார் என்று தேவி வாசித்தாள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"வீடு சுத்தம். சாப்பாடு அருமை. உங்கள் சார்ஜரை வீட்டுக்காரரிடமிருந்து ஒளித்து வையுங்கள். மாடிச் சுவரைக் கட்டாயம் பாருங்கள்."

அறை காலியாவதில்லை. வருகிறவர்கள் பையை மார்போடு அணைத்தபடிதான் எனக்கு வணக்கம் சொல்கிறார்கள். பிறகு மேலே போய் அந்தக் கறுப்போடு நின்று படம் எடுக்கிறார்கள். போன தீபாவளிக்குப் பெயின்ட் வாளியோடு மாடி ஏறினேன். செல்வி வழியை மறித்தாள்.

"சொவத்துல கைய வச்சீங்க, அவ்வளவுதான். புத்தர் பல்லு இருக்கிற மாளிகைய பாத்த கையோட இதத்தாங்க பாக்க வர்றாங்க."