கால் வலியைத் திரும்பப் பெறுதல் தொடர்பாக

மனிதனுக்கு இரண்டு கால்கள் உண்டு என்பதை அரசு எக்காலத்திலும் மறுத்ததில்லை. அவை வலிக்கும் என்பதைத்தான் எங்கும் எழுத்துமூலம் ஒப்புக்கொண்டதில்லை. இந்தச் சிறு இடைவெளியில் விழுந்தவர் ராயப்பன்பட்டி அருளப்பன்.

வயது ஐம்பத்திரண்டு. உத்தமபாளையத்தில், மதகுக் கணக்கீட்டுப் பிரிவு அலுவலகத்தில் உதவியாளர். கம்பம் பள்ளத்தாக்கில் எத்தனை மதகுகள் இருக்கின்றன என்று ஆண்டுதோறும் எண்ணி மேலிடத்துக்குத் தெரிவிப்பது அந்த அலுவலகத்தின் தலையாய பணி. அறுபத்திரண்டு. போன ஆண்டும் அறுபத்திரண்டு. இருபது ஆண்டுகளாக எண்ணிக்கையில் ஒரு பிழைகூட நேரவில்லை. இருபது ஆண்டுகளாக யாரும் போய் எண்ணவில்லை என்பதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அலுவலகம் மாடியில் இயங்கியது. கீழ்த்தளத்தில் பழைய கோப்புகள் வசித்தன. கோப்புகளால் மாடி ஏற முடியாது, பொதுமக்களால் முடியும் என்பதால் இந்த ஏற்பாடு. படிகள் இருபத்திரண்டு.

ஆடி பிறந்ததும் புதிய அலுவலராக கார்த்திக்ராஜ் வந்து சேர்ந்தார். முப்பத்தோரு வயது, இனிமையான மனிதர். அவருடைய சைக்கிளைவிட அதன் பூட்டு கனமானது. தலையில் பாதியாக அறுத்த தர்பூசணியைக் கவிழ்த்தது போல ஒரு கவசம். கையில் ஒரு கடிகாரம். அது நேரத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் சொல்லும். வந்த மூன்றாம் நாள் ஆணை பிறந்தது: மாசற்ற சூழலையும் பணியாளர் உடல் நலனையும் கருத்திற்கொண்டு, அனைவரும் இல்லத்திலிருந்து அலுவலகத்துக்கு மிதிவண்டியில் மட்டுமே வருகை புரிதல் வேண்டும்.

ஆணை என்றால் கையெழுத்துப் போட்டுவிட்டு மறப்பது அலுவலக மரபு. அருளப்பனிடம் ஒரு குறை இருந்தது. எந்த ஆணையையும் கடைசி வரி வரை படிப்பார். படித்ததோடு நிற்காமல் அதன்படி நடக்கவும் செய்வார். இந்த இரண்டாவது பழக்கம் அவருடைய பதவி உயர்வைப் பலமுறை தடுத்திருக்கிறது.

மகள் அனிதா மேரிக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த இலவச சைக்கிள் வீட்டில் இருந்தது. மகள் படிப்பு முடிந்து கோயம்புத்தூர் போய்விட்டாள். சைக்கிளின் சீட்டு, அவள் பதினைந்து வயதில் எந்த உயரத்தில் இருந்ததோ அந்த உயரத்திலேயே துருப்பிடித்து இறுகியிருந்தது. அதில் அருளப்பன் ஏறி மிதித்தால் முழங்கால் மோவாய் வரை வந்து நலம் விசாரித்துவிட்டுப் போகும். போதாததற்கு ஆடிக்காற்று. காலையில் எதிரே வந்து மார்பில் கை வைத்துத் தள்ளும். சாயங்காலம் திரும்பும்போது பின்னாலிருந்து கொஞ்சம் தள்ளிவிடக் கூடாதா என்றால், நின்றுபோகும். காற்றும் அலுவலக நேரம் பார்த்தது.

ஒரு வாரம் ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை பூசையில் முழங்கால் போட்டவர், எல்லோரும் எழுந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. பூசை முடிந்து கோயில் காலியாகிக்கொண்டிருந்தது. அருளப்பன் மட்டும் கூப்பிய கையோடு கிடந்தார். பார்த்தவர்கள் நெகிழ்ந்து போனார்கள். மனைவி வியாகுலமேரி மட்டும் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"எந்திரிக்க முடியலயா?"

"கைய மட்டும் குடு. சத்தம் போடாத."

"நான் போடல. ஊரே ஒங்களப் பாத்துக் கண்ணு கலங்கிப் போயி நிக்கிது."

கெண்டைக்கால் என்று பெயர் வைத்தவர் மீன் பிடிக்கிறவராக இருந்திருக்க வேண்டும். அன்றிரவு முழுக்க அருளப்பனின் இரண்டு கால்களிலும் கெண்டைகள் துள்ளின. தொடை தனியாக ஒரு துறை நடத்தியது. வியாகுலமேரி வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, சப்பாத்திக் கட்டையை எடுத்துத் தொடையில் உருட்டினாள்.

"மூணு நாள் காலு சும்மா இருந்தா சரியாப் போகும். சும்மா இருக்கதுக்குத்தான ஆபீசு?"

"ஆபீசுல நான் சும்மா இருக்கலாம். காலு இருக்க முடியாது. ஆர்டர் போட்டுட்டாக."

"அப்ப சனிக்கிழம?"

அதுதான் கேள்வி. வருகிற சனிக்கிழமை திருவிழா. வானதூதர் மிக்கேல் சம்மனசின் சப்பரம் தோளில் ஏறி ஊரைச் சுற்றி வரும். தெருவுக்கு எட்டுத் தோள். அருளப்பன் வீட்டு முறை ஆறு வருடத்துக்கு ஒரு தரம். போன முறை தேர்தல் பணி என்று சொல்லி அலுவலகம் பிடித்து வைத்துக்கொண்டது. அவர் தோளுக்குப் பதிலாக, பங்காளி மகன் சகாய பிரவீன் தோள் கொடுத்தான். ஜிம்முக்குப் போகிற பையன். இந்த முறையும் அவன் தோள் புகுந்தால் அது அவன் இடம் ஆகிவிடும். கேட்டால் பெரியவர்கள், "ஒங்களுக்கு முடியலன்னுதானப்பா" என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்க அருளப்பன் தயாராக இல்லை.

திங்கட்கிழமை காலை மறுபடியும் மிதித்துப் போய், கைப்பிடிச் சுவரைக் கட்டிப்பிடித்து மாடியேறி, அலுவலர் முன் நின்றார்.

"சார், காலு ரெண்டும் பிடிச்சுக்கிருச்சு. இந்த ஒரு வாரம் மட்டும் சைக்கிள்ல இருந்து விலக்குக் குடுத்தா..."

கார்த்திக்ராஜ் முகம் மலர்ந்தது. "தசை வளருது அருளப்பன். வலிச்சா நீங்க சந்தோஷப்படணும்."

"சந்தோசந்தான் சார். சனிக்கிழம வரைக்கும் சந்தோசத்தக் கொஞ்சம் ஒத்தி வைக்க முடியுமான்னுதான்..."

"ரெகவரி ரைடு போங்க. சைக்கிள் ஓட்டி வந்த வலிக்கு சைக்கிள்தான் மருந்து. மெதுவா ஓட்டணும், அவ்வளவுதான்."

"மெதுவாத்தான் சார் வந்தேன். என்னைய ஒரு எரும தாண்டிப் போச்சு."

"வெரி குட். எதுக்கும் எழுதிக் குடுங்க."

அருளப்பன் எழுதிக் கொடுத்தார். கண்காணிப்பாளர் சொர்ணலதா அதை வாங்கிப் படித்துவிட்டு இரக்கத்தோடு பார்த்தாள்.

"எதுக்குண்ணே எழுதிக் குடுத்தீக? வாயில சொன்னா அது வலி. எழுதிட்டா கோப்பு."

செவ்வாய்க்கிழமை கோப்பு பதிலோடு திரும்பி வந்தது. மனுதாரரின் வலி அலுவல் நேரமான காலை பத்து மணிக்கு முன்னர் ஏற்பட்டிருப்பதால் அது சொந்த வலி. ஆயினும் அலுவலக ஆணையைப் பின்பற்றியதால் ஏற்பட்டிருப்பதால் அலுவல் வலி. எந்த வலி என்பது முடிவாகும்வரை விலக்கு அளிக்க இயலாது. மனுதாரர் மருத்துவக் குழுவின் சான்று பெறும்பொருட்டு தேனிக்குச் சென்று வர அனுமதிக்கப்படுகிறார். பயணம், நடப்பிலுள்ள ஆணையின்படி, மிதிவண்டியில்.

அருளப்பன் கடைசி வரியை இரண்டு முறை படித்தார்.

"மேடம், தேனி முப்பது கிலோமீட்டரு."

"போக மட்டும் முப்பதுண்ணே," என்றாள் சொர்ணலதா. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "வலிய வாபஸ் வாங்கிருங்க. அதான் நல்லது. எங்க வீட்டுக்காரரு என்னைய தெனமும் புளியமரம் வரைக்கும் பைக்குல கொண்டாந்து விடுறாரு. சைக்கிள் அங்கனயே பூட்டிக் கெடக்கு. அங்க இருந்து உருட்டிக்கிட்டு வாரேன். காம்பவுண்டுக்குள்ள சைக்கிள் நிக்கிதான்னுதான பாக்குறாக? ஒங்க காலையா பாக்குறாக?"

'மேற்படி எனது கால் வலியை இதன்மூலம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்' என்று அருளப்பன் எழுதினார். வலி திரும்பப் பெறப்பட்டதால் கோப்பு முடிக்கப்பட்டது. ஆணையின் நகல் கெண்டைக்காலுக்கு அனுப்பப்படவில்லை போலிருக்கிறது; அது வலித்துக்கொண்டே இருந்தது.

புதன்கிழமை முதல் சைக்கிள் வாழைத்தார் வண்டியின் மேல் ஏறி வந்தது. அருளப்பன் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். இருபத்தேழு ஆண்டு அரசுப் பணியில் முதல் தடவையாக ஓர் ஆணையை மீறியிருந்தார். காலை நீட்டி உட்கார இடமிருந்ததால் குற்ற உணர்ச்சி அதிகம் உறுத்தவில்லை.

படிகளை மட்டும் வாழை வண்டியில் கடக்க முடியாதே. ஏறுவதைக்கூடச் சமாளித்துவிட்டார். இறங்கும்போதுதான் தொடையில் கத்தி இறங்கியது. சைக்கிள் ஓட்டி நொந்த கால் ஏற்றத்தை மன்னிக்கும், இறக்கத்தை மன்னிக்காது. தற்செயலாக அவர் ஒன்றைக் கண்டுபிடித்தார். மாடியைப் பார்த்துத் திரும்பி நின்று, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முதுகுப் பக்கமாக ஒவ்வொரு படியாக இறங்கினால் வலி பாதிதான். மதியச் சாப்பாட்டுக்கு அப்படி இறங்கிக்கொண்டிருந்தபோது மேலே கார்த்திக்ராஜ் வந்து நின்றார்.

"என்ன பண்றீங்க?"

வலி திரும்பப் பெறப்பட்டுவிட்டது. இல்லாத வலியைக் காரணமாகச் சொல்ல முடியாது. "பயிற்சி சார்," என்றார்.

கார்த்திக்ராஜ் அங்கேயே நின்று கைப்பேசியில் தேடினார். பின்னோக்கி நடப்பதால் முழங்காலுக்கும் மூளைக்கும் விளையும் பதினோரு நன்மைகள் அதில் இருந்தன. "இவ்வளவு நாளா ஏன் சொல்லல?" என்று உரிமையோடு கடிந்துகொண்டார்.

வியாழக்கிழமை சுற்றறிக்கை வந்தது. பணியாளர்கள் மாடிப்படிகளில் இறங்குங்கால் பின்னோக்கியே இறங்குதல் வேண்டும். மதுரையிலிருந்து மேலதிகாரி பார்வையிட வருவதால், சனிக்கிழமை அனைவரும் உண்மையாகவே கம்பம் வரை மிதிவண்டியில் பேரணியாகச் சென்று திரும்பி, நாற்பது முறை படியேறி இறங்கிக் காட்ட வேண்டும். 'உண்மையாகவே' என்ற சொல் அடிக்கோடிடப்பட்டிருந்தது. பயிற்றுநர்: திரு. அருளப்பன், உதவியாளர்.

அன்று கீழே சுருளியாண்டி நின்றிருந்தார். ஓடைப்பட்டியில் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர். அவர் தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் மடை அறுபத்து மூன்றாவது மதகு. அதாவது, அது பூமியில் இருந்தது, பதிவேட்டில் இல்லை. பதிவேட்டில் இல்லாத மடையின் துருப்பிடித்த பலகையை மாற்ற யாருக்கும் அதிகாரம் இல்லை. அதற்காக அவர் நடந்த நடை, கணக்கெடுத்தால், மதுரைக்குப் போய்த் திரும்புகிற தூரம் வரும். அன்று மாடியிலிருந்து பணியாளர்கள் முதுகுகளாக இறங்கி வந்ததைப் பார்த்து ஒதுங்கி நின்றார்.

"என்னய்யா இது, புதுசா?"

"புதுத் திட்டம்," என்றார் காவலாளி.

"பழசுதான். முந்தி உக்காந்துக்கிட்டே முதுகக் காட்டுவாக."

வெள்ளிக்கிழமை மதியம் அருளப்பன் நாற்காலியிலிருந்து எழுந்தார். வலிக்கவில்லை. உட்கார்ந்து எழுந்து பார்த்தார். வலிக்கவில்லை. வியாகுலமேரி சொன்ன மூணு நாள் கணக்கு ஒரு மணி நேரம்கூடப் பிசகவில்லை. கால்கள் வந்துவிட்டன, ஆனால் சனிக்கிழமை போய்விட்டது. கம்பம் வரை ஓட்டி, நாற்பது முறை படியேறிவிட்டு எந்தத் தோளால் சப்பரம் தூக்குவது? சகாய பிரவீன் இந்நேரம் தோளுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருப்பான். இந்த யோசனையிலேயே மாடிப்படிக்கு வந்தவர், கால் போன போக்கில், மனிதர்கள் இறங்குவது போல முகத்தை முன்னால் வைத்து விறுவிறுவென்று இறங்கிவிட்டார்.

கீழே சுருளியாண்டி அவரை நேருக்கு நேர் பார்த்தார்.

"சார், இந்தாங்க," என்று மனுவை நீட்டினார். முகத்துக்கு எதிரே நீட்டிய காகிதத்தை வாங்காமல் இருக்க அருளப்பனுக்குத் தெரியவில்லை. வாங்கினார்.

"மடையப் போயிப் பாப்பீகளா?"

"பாக்குறேன்யா. திங்கக்கிழம வாங்க."

மேலே சன்னலில் கார்த்திக்ராஜ் நின்றிருந்தார். மூன்று மணிக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை வந்தது: பயிற்றுநராகிய தாங்கள் பொதுமக்கள் முன்னிலையில் முன்னோக்கி இறங்கியது ஏன்?

அருளப்பன் நெடுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதினார்: 'கடுமையான கால் வலி காரணமாகத் தன்னிலை மறந்து முன்னோக்கி இறங்கிவிட்டேன். பொறுத்தருள வேண்டுகிறேன்.'

கார்த்திக்ராஜ் அதைப் படித்துவிட்டு உண்மையிலேயே பதறினார். "முன்னாடி பாத்து இறங்குற அளவுக்கு வலியா? என்கிட்ட சொல்லியிருக்கலாமே. நாளைக்கு நீங்க வரவேண்டாம். இந்தக் காலோட மதுரை சார் முன்னாடி வந்து நின்னா நமக்குத்தான் கெட்ட பேரு. ஓய்வெடுங்க."

வலித்தபோது மறுக்கப்பட்ட ஓய்வு, வலி தீர்ந்த பின் முறைப்படி வழங்கப்பட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் அருளப்பன் சப்பரத்தின் முன்வரிசையில் வலது தோள் கொடுத்தார். நாலு தெருவும் சுற்றி வரும்வரை தோளை மாற்றவில்லை. சகாய பிரவீன் இரண்டு தடவை வந்து, "சித்தப்பா, விடுங்க, நான் பிடிக்கேன்" என்றான். "நீ போயி பத்தி கொளுத்துடா," என்றார் அருளப்பன். வீட்டுக்கு வந்ததும் தோல் உரிந்த இடத்தில் வியாகுலமேரி மஞ்சள் பற்றுப் போட்டாள். அவருக்கு வலி தெரியவில்லை. தெரிந்தாலும் எழுதிக் கொடுக்கிற எண்ணம் இல்லை.

திங்கட்கிழமை அலுவலகத்தில் ஒரு நாற்காலிகூட நகரவில்லை. சனிக்கிழமை கம்பம் வரை உண்மையாகவே ஓட்டியவர்கள், உண்மையாகவே நாற்பது முறை படியேறியவர்கள், மேசையைப் பிடித்துக்கொண்டு முனகினார்கள். சொர்ணலதா மாத்திரை போட்டிருந்தாள். கார்த்திக்ராஜின் கடிகாரம் அவரைப் படுத்துக்கொள்ளும்படி அறிவுறுத்தியது. மதியச் சாப்பாட்டு வேளை வந்தது. எல்லோரும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, சுற்றறிக்கையின் அவசியமே இல்லாமல், திரும்பி நின்று ஒவ்வொரு படியாக இறங்கத் தொடங்கினார்கள். அலுவலர் முதலில், அவருக்கு மேலே சொர்ணலதா, அப்படியே வரிசையாக.

அருளப்பனின் கால்கள் கல்லுப் போல இருந்தன. ஆனால் கோப்பின்படி அவர் கடுமையான கால் வலிக்காரர். தவிர, ஏற்கனவே ஒரு குறிப்பாணை வாங்கியவர். அவரும் திரும்பி நின்றார்.

சொன்னபடி சுருளியாண்டி வந்திருந்தார். கடைசிப் படிக்குக் கீழே நின்று, மேலிருந்து இறங்கி வரும் முதுகுகளை ஒவ்வொன்றாக உற்றுப் பார்த்தார். பிறகு காவலாளியிடம் கேட்டார்:

"வெள்ளிக்கிழம ஒருத்தரு மொகத்தோட வந்து எங்கிட்ட மனு வாங்குனாரு. அவரு இதுல எந்த முதுகு?"

ஐந்தாவது முதுகில், வலது தோளருகே, சட்டையில் கொஞ்சம் மஞ்சள் கசிந்திருந்தது. அந்தக் கேள்வி அதன் காதிலும் விழுந்தது. கேட்டுவிட்டு, விதிப்படி மாடியைப் பார்த்தபடியே, இன்னும் ஒரு படி இறங்கியது.