பாலமும் இரண்டு நாட்டுச் சாப்பாடும்

இந்தியாவும் இலங்கையும் சுற்றுலாவில் கைகோக்க வேண்டும் என்று பெரியவர்கள் கூடிப் பேசலாம். அதை அதியமான்கோட்டையில் ஒரு பஞ்சர் கடை மாடியில் உட்கார்ந்து, ஒரு போனையும் ஒரு வேனையும் வைத்துக்கொண்டு நடத்திக் காட்டிய ஒரே மனிதர் பாலம். அதற்காக என் உயிரை வாங்கியவரும் அவர்தான்.

அவர் பெயர் வேறு. பேச்சுக்குப் பேச்சு, "ரெண்டு நாட்டுக்கும் பாலம் போடணும்" என்பார். ஊர் அதையே பெயராக்கிவிட்டது. கோயில் சுற்றுலாவுக்கு வேன் விடுபவர். நான் அந்த வேனோடு போகும் சமையல்காரன். படிப்பு அஞ்சாவது. நாலு பேர் முன்னால் பேசக் கூச்சம். அதனால் என்னை அவருக்கு ரொம்பப் பிடிக்கும். நான் குறுக்கே பேசமாட்டேன் அல்லவா.

இலங்கையில் மாத்தளை ஊரில் சுற்றுலா நடத்தும் ஒரு டீச்சரம்மாவோடு போனிலேயே ஒப்பந்தம் போட்டார். இந்த வருஷம் அங்கிருந்து பதினெட்டுப் பேர் வருவார்கள். மனம் நிறைந்து திரும்பினால், அடுத்த வருஷம் நம் ஆட்கள் முப்பது பேர் அங்கே போகலாம். சமையலுக்கு நான். கன்னியாகுமரியில் நின்று பார்த்த கடலுக்கு அந்தப் பக்கம் போய்வர எனக்கு அவ்வளவு ஆசை. யாரிடமும் சொல்லாமல் பாஸ்போர்ட் எடுத்துவிட்டேன்.

விருந்தாளிகள் வருவதற்கு ஒரு வாரம் முன்பே டீக்கடையில் எல்லோருக்கும் சிங்களத்தில் "ஆயுபோவன்" என்று வணக்கம் சொல்லப் பயிற்சி கொடுத்தார். வேன் வந்து நின்றதும் பத்துப் பேர் கைகூப்பி ஒரே குரலில் சொன்னோம். இறங்கிய பதினெட்டுப் பேரும் தமிழர்கள். மிரண்டுபோய் "வணக்கம்" என்றார்கள். போனில் ஆறு மாதம் தமிழில் பேசியவர்களுக்குத் தமிழ் தெரியும் என்பது இவருக்குத் தோன்றவே இல்லை.

சாப்பாட்டில்தான் என்னைக் கொன்றார். வீடியோ பார்த்து இலங்கைத் தேங்காய்ச் சம்பலும் பால்சோறும் செய்யச் சொன்னார்.

"அண்ணே, அது அவங்க வூட்லயே கெடைக்குமுங்களே."

"விருந்தாளிக்கு வூட்டு நெனப்பு வரக்கூடாதுப்பா. நீ அரை."

அரைத்தேன். ஒகேனக்கல்லில் மீன் வறுவல் வாசனைக்குப் பதினெட்டு மூக்கும் திரும்பின. பாலம் எல்லோரையும் வேனுக்கு ஓட்டி வந்து சம்பல் பரிமாறினார். என் இலங்கைப் பயணம் கண்ணெதிரே கைநழுவிப் போய்க்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் எனக்கென்று கிண்டிய ராகிக் களியைக் கீரைக் கடைசலோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். கூட்டத்தோடு வந்திருந்த டீச்சரம்மா வந்து நின்றார்.

"தம்பி, இத ஏன் எங்களுக்குத் தரல்ல? நாங்க மூணு நாளா எங்க வீட்டுச் சாப்பாட்டத்தானே சாப்பிடுறோம்?"

சட்டியை அவர் பக்கம் நகர்த்தினேன். அப்புறம் பதினெட்டுப் பேருக்கும் கிண்டினேன். பாலம் வந்து பார்த்துத் தலையில் கைவைத்தார்.

"வெளிநாட்டுக்காரங்களுக்குக் களியப் போட்டு மானத்த வாங்கிட்டியேப்பா."

டீச்சரம்மா இரண்டாவது உருண்டை கேட்டார். அடுத்த வருஷப் பயணம் உறுதியானது.

இதிலிருந்து பாலம் என்ன கற்றுக்கொண்டார்? ஒன்றுமில்லை. அடுத்த வருஷம் கொழும்பு விமான நிலையத்தில் அவர் பெட்டியைத் திறந்து பார்த்தார்கள். பாதி துணி, பாதி ராகி மாவு. மாத்தளையில் முதல் பந்தியில் எங்களுக்குப் போட்டது அந்த மாவில் கிண்டிய களி. பாப்பாரப்பட்டியிலிருந்து வந்த ஒரு பெரியவர் இலையைப் பார்த்தார், பாலத்தைப் பார்த்தார்.

"களி திங்கவா சாமி ஏரோப்ளேன் ஏத்துன?"

எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. நானே போய் நாலு மீனாவது வறுக்கலாம் என்று அடுப்படிக்கு எழுந்தேன். டீச்சரம்மா மறித்தார்.

"நீங்க இங்க வரக்கூடாது தம்பி. உங்க அண்ணன் சொல்லிட்டார். இந்தப் பயணத்துல நீங்க சமையல்காரர் இல்லையாம், விருந்தாளியாம். போய் உக்காருங்க."

பந்தியில் பாலம் தன் பக்கத்தில் எனக்கு இலை போட்டு வைத்திருந்தார். என்னைப் பார்க்காமல் யாருக்கோ ரெண்டு நாட்டுப் பாலத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். உட்கார்ந்தேன். இத்தனை வருஷத்தில் எனக்கு ஒருவர் பரிமாறியது அன்றுதான். களி சரியாக வேகவில்லை. அதை அவரிடம் இன்றுவரை நான் சொன்னதில்லை.