எனக்கு இல்லாத நெஞ்சு வலி

பெங்களூர்,
ஆண்கள் வார்டு, ஜன்னலோரக் கட்டில்.
ஜூன் 1998

மதிப்பிற்குரிய அண்ணன் சிவசங்கரன் அவர்களுக்கு,

தம்பி முனிகிருஷ்ணன் படுத்தபடியே வணங்கி எழுதுவது. நானும் என் குடலிறக்கமும் இவ்விடம் ஒரே கட்டிலில் சௌக்கியம். குடியாத்தத்தில் தாங்களும் அண்ணியும் பேரக் குழந்தைகளும் எந்தக் கட்டிலிலும் படுக்காமல் நடமாடிக்கொண்டிருக்க ஆண்டவனை வேண்டுகிறேன்.

போன வாரம் தாங்கள் கடையைப் பூட்டிவிட்டு வந்தும் ஆபரேஷன் நடக்கவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்களைத் திட்டிவிட்டு பஸ் ஏறினீர்கள். அவர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை அண்ணா, எல்லாம் என் வாயால் வந்தது. இது டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகள் பழகுகிற ஆஸ்பத்திரி. இங்கே நோயாளிக்குக் கேஸ் என்று பெயர். காலையில் பெரிய டாக்டர் கோவிந்தப்பா வருவதற்குள் ஆளுக்கொரு கேஸைப் பிடித்து, கேள்வி கேட்டு, எழுதி வைத்திருக்க வேண்டும். என்னைப் பிடித்தவள் ரக்ஷிதா என்கிற ஹாசன் ஊர்க் கன்னடப் பெண். தமிழ் நோயாளிகளிடம் பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டவள். அதனால் வியாதி சம்பந்தப்பட்ட தமிழ் மட்டும்தான் அவளுக்கு வரும். இந்த ஊர் ஜோகுபாளையத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு என்றாலும், அவள் ஆசையாகத் தமிழில் கேட்கும்போது குறுக்கே பேச மனம் வரவில்லை.

"நெஞ்சு வலி இருக்குதா அங்கிள்?" என்றாள். இல்லை என்றேன். முகம் வாடிவிட்டது. "படி ஏறினா மூச்சு வாங்குதா?" என்றாள். நம் வீட்டுக்குப் படியே கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு இல்லை சொல்ல எனக்குத் தைரியமில்லை. கொஞ்சம் வாங்குது என்றேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே. பிறகு நெஞ்சு வலியையும் ஒப்புக்கொண்டேன். அது இடது கைக்கு இறங்குமா என்றாள், இறங்கும் என்றேன். அண்ணா, ஒன்று சொல்கிறேன். ரிட்டயர் ஆன பிறகு வீட்டில் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. காபி வேண்டுமா என்று கட்டிய மனைவி ஜானகிகூடக் கேட்பதில்லை, கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகிறாள். இங்கே ஒரு பெண் பேனாவும் கையுமாக உட்கார்ந்து, என் மூத்திரம் என்ன நிறம் என்று அத்தனை மரியாதையாகக் கேட்கிறாள். எந்த நிறம் வேண்டுமானாலும் சொல்லத் தோன்றுகிறது. அதன் பலன், மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் என் இருதயத்தை நம்ப முடியாது என்று ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டார்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மறுநாள் கிரண் என்று ஒரு பையன் வந்தான். அவனுக்கு நெஞ்சில் ருசி இல்லை, வயிற்றையே சுற்றிச் சுற்றிக் கேட்டான். அவனையும் வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? நெஞ்சு வலியே கிடையாது, சாப்பிட்டதும் வயிறுதான் எரிகிறது என்று சொல்லிவிட்டேன். நேற்றுக் காலை கோவிந்தப்பா என் கட்டிலருகே நின்று இரண்டு பேரையும் எழுதியதைப் படிக்கச் சொன்னார். படிக்கப் படிக்க அவர் புருவம் ஏறிக்கொண்டே போனது. என் இருதயப் பரிசோதனைத் தாள்களை இரண்டு தரம் புரட்டினார். இருதயத்தில் ஒன்றுமில்லை. ரக்ஷிதாவிடம் திரும்பி, "பேஷன்டைக் கேக்காமயே ரூம்ல உக்காந்து எழுதினயாம்மா? இந்தக் கேஸ்ல நான் கையெழுத்துப் போடமாட்டேன். பரீட்சைக்கும் அனுப்பமாட்டேன்" என்றார். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது.

எனக்கு வயிறு நிஜமாகவே எரிந்தது. எழுந்து உட்கார்ந்தேன். "சார், அவங்க எழுதினது அத்தனையும் நான் சொன்னதுதான். நான் சொன்னதுதான் பொய்" என்றேன். வார்டே திரும்பிப் பார்த்தது. பக்கத்துக் கட்டில் பச்சைமுத்து வாயில் வைத்த இட்லியை மெல்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். கோவிந்தப்பா என் பக்கம் திரும்பினார். "ஏன் சொன்னீங்க?" என்றார். "பாவம், கேட்டாங்க சார்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிள்ளைகளைப் பார்த்து, "இவரைப் பிரசவ வலி இருக்கான்னு கேளுங்க, அதுக்கும் ஆமாம்பார். அது இருக்கா இது இருக்கான்னு நீங்களே எடுத்துக் குடுக்காதீங்க. என்ன தொந்தரவுன்னு கேட்டுட்டு வாயை மூடிட்டு உக்காருங்க" என்றார்.

ரக்ஷிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு அப்படியே செய்தாள். என்ன தொந்தரவு அங்கிள் என்று கேட்டுவிட்டுச் சும்மா இருந்தாள். கனமாகத் தூக்கினால் அடிவயிறு புடைக்கிறது என்றேன். அவள் இன்னும் சும்மா இருந்தாள். வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆளில்லை என்றேன். அதையும் எழுதிக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது அண்ணா. கோவிந்தப்பா கையெழுத்துப் போட்டார். வெள்ளிக்கிழமை ஆபரேஷன். சொன்ன பொய்களையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருத்தியாகிவிட்டது. இனி என் வாயிலிருந்து சத்தியம் தவிர வேறு எதுவும் வராது.

அண்ணிக்கு என் நமஸ்காரம். பேரப்பிள்ளைகள் நன்றாகப் படித்து, பதில் சொல்கிற இடத்தில் இல்லாமல் கேள்வி கேட்கிற இடத்தில் உட்கார என் ஆசிகள்.

தங்கள் அன்புத் தம்பி,
முனிகிருஷ்ணன்

பி.கு.: வெள்ளிக்கிழமை அப்பாவையும் கூட்டிக்கொண்டு வருவதாகத் தாங்கள் போன் செய்தீர்களாம், ஜானகி இப்போதுதான் வந்து சொன்னாள். அப்பா வேண்டாம் அண்ணா. எல்லாவற்றையும் திருத்தினேன் என்று எழுதினேன், ஒன்றைத் திருத்தவில்லை. குடும்பத்தில் யாருக்காவது இருதய நோய் உண்டா என்று முதல் நாள் அந்தப் பெண் கேட்டபோது, நான் சின்னப் பையனாக இருக்கும்போதே அப்பா மாரடைப்பில் போய்விட்டார் என்று சொல்லியிருந்தேன். அவள் பேனாவை மூடிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு, தன் அப்பாவும் அப்படித்தான் போனார் என்றாள். அதற்கப்புறம் நம் அப்பாவை நான் எப்படி உயிரோடு எழுப்புவேன்? வந்தே தீருவேன் என்று அவர் அடம்பிடித்தால் பெரியப்பா என்று சொல்லிக் கூட்டி வாருங்கள். காரணத்தை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். இந்த வயதில் அவருக்கு உண்மையாகவே நெஞ்சு வலி வந்துவிடும்.