உப்புப் பார்த்த தலைவர்

ஞாயிறு பத்திரிகையில் தன் கதை வந்த சந்தோஷம் மகேந்திரனுக்குக் காலைத் தேநீர் ஆறும் வரைகூட நிலைக்கவில்லை. அதற்குள் வருங்கால மாமனார் சுகுமாறன் கைப்பேசியில் கூப்பிட்டுவிட்டார்.

கதை இதுதான். முனியாண்டி கோயில் பூசைக்குக் கிடாக்கறி கொதிக்கிறது. சாமிக்குப் படைக்கும்முன் யாரும் அதை வாயில் வைக்கக் கூடாது. கோயில் தலைவர் நாக்கை அடக்க மாட்டாமல் ஒரு கரண்டி உப்புப் பார்த்துவிடுகிறார். ராவாங் தொழிற்சாலையில் சாப்பாட்டு நேரத்தில் மகேந்திரன் உட்கார்ந்து கட்டிய கற்பனை. வினை என்னவென்றால், பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்துத் தோட்டத்தில் முனியாண்டி கோயில் தலைவரே சுகுமாறன்தான்.

"சாப்பாட்டுக் கடையில செல்லன் கேக்குறான், தலைவரே, உப்பு சரியா இருந்துச்சான்னு. பொண்ணு குடுக்கப் போறவன்லா நான். என்னையவா எழுதுவ?"

சுகுமாறனின் மகள் நித்தியாவைக் கட்டிக்கொள்ள வருடக்கணக்கில் காத்திருந்தவன் மகேந்திரன். உடனே கடைக்கு ஓடி, எல்லாம் கற்பனை என்று முனியாண்டி மேல் சத்தியம் செய்தான். வெறும் கற்பனைக்கு எவனாவது சாமி மேல் சத்தியம் செய்வானா என்று கடை முடிவு கட்டியது.

அடுத்த வாரம் பத்திரிகையில் விளக்கம் போட வைத்தான்: கதையில் வரும் தலைவர் திரு. சுகுமாறன் அல்லர். கதையைப் படிக்காதவர்களும் இதைப் படித்தார்கள். சுங்கை ஆயர் தாவாரிலிருந்து சுகுமாறனின் தங்கை கூப்பிட்டு, அண்ணனுக்கு இந்த வயதில் இது தேவையா என்று கேட்டாள்.

வேறு வழியில்லாமல், கோயில் கூட்டத்தில் பழியைத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டான். போன பூசையில் கறியை ருசி பார்த்தது நான்தான், அதைத்தான் ஆளை மாற்றி எழுதினேன் என்றான். பாவம், பிள்ளைக்கு நல்ல மனசு.

மானம் திரும்பி வந்த தெம்பில் சுகுமாறன் எழுந்து நின்றார்.

"சாமிக்கு முன்னாடி வாய் வச்சவனுக்கு என் பொண்ணு இல்ல."

மகேந்திரனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் கோயிலில் என்றைக்கும் பூசைக் கறி சமைப்பவர் சுகுமாறனின் மனைவி லீலாவதி. கூட்டத்துக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தவர், முதல் கிளாஸை மகேந்திரன் கையில் கொடுத்தார்.

"கதை நல்லாத்தான் இருக்கு மாப்பிள்ள. ஒரு எடத்துலதான் தப்பு. வருசா வருசம் உப்பு பாக்குறது தலைவரு இல்ல, தலைவரு பொண்டாட்டி."